ஒற்றைக் காலும் ஒரு கீழ் பர்த்தும்

“ஐயோ, என் காலைக் காணோம்!”

ரயில் பெட்டியில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். கத்திய பெண் இரண்டு கால்களையும் தரையில் நன்றாக ஊன்றித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த தடுப்பின் மேல் பர்த்தில் படுத்திருந்த சோடா தலையை மட்டும் நீட்டி எண்ணிப் பார்த்தான்.

“அக்கா, ரெண்டும் இருக்கு. அந்தம்மாவுக்குக் கணக்குதான் வரலை போல.”

“வாயை மூடிட்டுக் கீழ இறங்கு” என்றாள் துருவி.

துருவி ஒரு தனியார் துப்பறிவாளர். பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர் வேறு. ஆனால் யாரைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்டே நாற்பத்தைந்து வயதை எட்டிவிட்டதால், அந்தப் பெயர் இப்போது அவளுடைய வங்கிக்கு மட்டும்தான் தெரியும். சோடா அவளுடைய உதவியாளன். மூடியைத் திறப்பதற்கு முன்பே பொங்கிவிடுகிற சுபாவம் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். வேலைக்கு நடுவில் ஓடிப்போன ஓட்டல் சமையல்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு இருவரும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பும் வழியிலாவது தூங்கலாம் என்று சோடா கணக்குப் போட்டிருந்தான். துருவியிடம் வேலை பார்ப்பவர்கள் அப்படியெல்லாம் கணக்குப் போடக் கூடாது.

“செயற்கைக் கால்ங்க” என்றாள் அந்தப் பெண். “நானே செஞ்சது. நீளமான பையில போட்டு இந்த பர்த்துக்கு அடியில வச்சிருந்தேன். காலைல பார்த்தேன், இருந்தது. இப்ப இல்ல.”

“யாருக்கு எடுத்துட்டுப் போறீங்க?”

“என் தம்பிக்கு. தபால்காரன். வண்டி மோதி முழங்காலுக்குக் கீழ போயிடுச்சு. எங்கயோ வாங்கின காலைப் போட்டுப் புண்ணாக்கி வச்சிருக்கான். நான் கால் செய்யற பட்டறையிலதான் வேலை பார்க்கறேன். பட்டறை வேலை முடிஞ்சதும் உட்கார்ந்து, அவன் அளவுக்கு இழைச்சு இழைச்சுச் செஞ்சேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு டாக்டருங்க முன்னாடி அவன் நடந்து காட்டணும். நடந்தா வேலை திரும்பக் கிடைக்கும். ஏற்கெனவே ரெண்டு தடவை தேதியைத் தள்ளி வச்சாச்சு. இதுதான் கடைசின்னு சொல்லிட்டாங்க.”

துருவி அவளை உட்கார வைத்தாள். சோடா தலையைச் சொறிந்தான்.

“எனக்கு ஒரு சந்தேகம். செருப்புத் திருடறவன்கூட ஜோடியாத்தான் திருடுவான். ஒத்தைக் காலை வச்சு ஒருத்தன் என்ன பண்ணுவான்?”

துருவி அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். “நீ சில நேரம் தப்பித் தவறி யோசிச்சிடற.”

“மன்னிச்சுக்கங்க அக்கா. இனிமே நடக்காது.”

“தங்கச்சி, இது உங்க பர்த்தா?” என்று துருவி கேட்டாள்.

“இதுதான் என் பர்த். ஆனா நான் இங்க இல்ல.”

தனியாக ரயிலேறுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அது டிக்கெட்டில் அச்சாகியிருக்காது. ‘நீங்க தனியாத்தானே வர்றீங்க?’ என்று எவர் வந்து கேட்டாலும் எழுந்து இடம் மாறிக் கொடுத்துவிட வேண்டும். இந்தப் பெண்ணுக்கு முதல் தடவையாக இவ்வளவு தூரம் தனிப் பயணம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டி கிளம்பியதுமே, பிள்ளைகளோடு வந்த ஒரு தம்பதி அவளுடைய கீழ் பர்த்தைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு அவர்களுடைய மேல் பர்த்துக்குப் போனாள். அங்கே புதுசாய்க் கல்யாணம் ஆன ஒரு ஜோடி, எதிரெதிரே படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. அதற்கும் நகர்ந்தாள். அப்புறம் முதுகுவலிக்காரர் ஒருவர் வந்தார். இப்படியே தள்ளித் தள்ளி, கடைசியில் கழிப்பறைக் கதவை ஒட்டிய பர்த்தில் கொண்டுபோய் அவளை உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். இன்னும் ஒருவர் கேட்டிருந்தால் எஞ்சினில்தான் இடம் கிடைத்திருக்கும்.

“பையைச் சங்கிலி போட்டுப் பூட்டலையா?”

“பூட்டித்தான் வச்சிருந்தேன். இவங்க டிரங்குப் பெட்டி உள்ள போகலைன்னு அவிழ்க்கச் சொன்னாங்க. மேல் பர்த்துல அந்த நீளத்துக்கு எடமில்ல. ‘நீங்க போங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்’னு சொன்னாங்க.”

பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர்கள் எதிரிலேயே இருந்தார்கள். கணவர் ஜன்னல் திரை விற்கிற கடைக்காரர். பயணத்திலும் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. மனைவி மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகள் தூங்கின.

“நாங்க என்னங்க பண்ண முடியும்?” என்றார் கடைக்காரர் படபடப்பாக. “மத்தியானம் அந்த ஸ்டேஷன்ல வண்டி நின்னுச்சே, அப்பத்தான் போயிருக்கணும். அதுவரைக்கும் நாங்க நகரவே இல்ல. நான் இறங்கி வாழைப்பழம் வாங்கப் போனேன். கடை கடைசியில இருந்துச்சு. வண்டி நகர்றப்பத்தான் ஓடி வந்து ஏறினேன்.”

“நான் இதுங்க ரெண்டையும் இழுத்துட்டு அந்தக் கோடி பாத்ரூம் வரிசையில நின்னுட்டு இருந்தேன்” என்றாள் மனைவி. “வண்டி கிளம்பின அப்புறம்தான் வந்தேன்.”

“அப்ப இந்த இடத்துல யாருமே இல்ல?”

கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் பக்கவாட்டு பர்த்தைப் பார்த்தார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போன அபூர்வ சமயங்களில் அது ஒன்றாக இருக்க வேண்டும்.

அங்கே ஒருவர் கழுத்துவரை போர்வையைப் போர்த்திக்கொண்டு ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தார். தராசு ரிப்பேர் செய்கிற மெக்கானிக். அவரும் தனியாகத்தான் வந்திருந்தார்.

“நேத்து ஏறினதிலேருந்து ஒரு வார்த்தை பேசல” என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் நான்கு தடுப்பு தாண்டிக் கேட்டது. “வண்டி நின்னதும் முதல் ஆளா இறங்கினாரு. கிளம்பின அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, வேற பெட்டி வழியா மூச்சு வாங்கிக்கிட்டு வந்தாரு. பையைக் கூட்டாளிகிட்டக் குடுத்திருப்பாரு. தனியா வர்ற ஆளு, யாருக்குத் தெரியும்?”

மெக்கானிக்கின் முகம் சிவந்தது. அப்போதும் பேசவில்லை.

“பேசாம இருந்தா திருடனா?” என்றான் சோடா. “அப்ப என்னை மாதிரி யோக்கியன் இந்த உலகத்துலயே கிடையாது.”

துருவி ஜன்னலோரத்துச் சின்ன மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில்கள். இரண்டும் கழுத்துவரை நிறைந்திருந்தன.

“இந்தத் தண்ணி யார் பிடிச்சது?” என்று கடைக்காரர் மனைவியிடம் கேட்டாள்.

“அந்த ஸ்டேஷன்லதான்…” என்று ஆரம்பித்த மனைவி நிறுத்திக்கொண்டாள். பார்வை மெல்ல மெக்கானிக் பக்கம் போயிற்று.

“நீங்க வரிசையில நின்னீங்க. உங்க வீட்டுக்காரர் பழம் வாங்கப் போனாரு. பாட்டில் தானா நடந்து போய் நிரப்பிக்கிட்டு வந்துச்சா?”

“அவர் இறங்கறப்ப, ‘தனியாத்தானே போறீங்க, அப்படியே எங்களுக்கும் பிடிச்சுட்டு வந்துடுங்க’ன்னு நான்தான்…”

மெக்கானிக் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “குழாயில தண்ணி நூல் மாதிரி வந்துச்சும்மா. உங்க ரெண்டு பாட்டிலும் ரொம்பறதுக்குள்ள வண்டி எடுத்துட்டான். கைக்கொரு பாட்டிலோட, கிடைச்ச பெட்டியில தொத்தி ஏறினேன். என் பாட்டில் இன்னும் காலியாத்தான் இருக்கு.”

கடைக்காரர் வாழைப்பழச் சீப்பை எடுத்து அவர் முன் நீட்டினார். மெக்கானிக் ஒன்றே ஒன்றைப் பிய்த்துக்கொண்டார்.

கால் செய்யும் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். “அக்கா, அவன்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? ‘கால் வருது கால் வருது’ன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கான்.” அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பார்க்கிறவர்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“சோடா கேட்டதுதான் சரியான கேள்வி” என்றாள் துருவி. “ஒத்தைக் காலை எவனும் திருட மாட்டான். எடுத்த ஆளுக்கு அது கால்னே தெரியாது. வேற ஏதோன்னு நினைச்சு எடுத்திருக்காங்க. என்னன்னு நினைச்சு?”

“துப்பாக்கி?” என்றான் சோடா. “வீணை? இல்ல, யாராவது மடிச்சு வச்ச மாமியார்?”

அப்போது கடைக்காரர் மனைவியின் போன் அடித்தது. மலைப் பகுதி முடிந்து இப்போதுதான் சிக்னல் வந்திருந்தது.

“சொல்லும்மா… ஆமா, சாப்பிட்டோம். இங்க ஒரே ரகளை. கூட வந்த பொண்ணோட பையை யாரோ தூக்கிட்டாங்க. போலீஸ் மாதிரி கேள்வி கேக்கறாங்க. உன் கம்பியாவது பத்திரமா வந்து சேர்ந்துச்சே, அதுவரைக்கும் நிம்மதி. சரி, வை.” போனை வைத்துவிட்டு, கேட்காமலே விளக்கம் சொன்னாள். “என் நாத்தனார். அந்த ஊர்லதான் புது வீடு கட்டியிருக்கா. ஜன்னல் திரைக்குக் கம்பி கேட்டா. வண்டி அந்த வழியாத்தானே போகுது, ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கச் சொல்லியிருந்தோம். வாங்கிட்டுப் போயிட்டா.”

“எந்த ஸ்டேஷன்?”

“அதே ஸ்டேஷன்தான்.”

“கம்பியை அவங்க கையில யார் குடுத்தது?” துருவி இதைத் தண்ணீர் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

“இவர்தான்” என்றாள் மனைவி.

“இவதான்” என்றார் கணவர்.

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்க குடுக்கலையா?”

“நான்தான் பழம் வாங்கப் போயிட்டேனே! நீ குடுத்திருப்பேன்னு…”

“உங்க தங்கச்சி. நீங்கதானே குடுக்கணும்? எதுக்குப் பிளாட்பாரக் கடைசி வரைக்கும் போனீங்க? பக்கத்துலயே ஒரு பழக்கடை இருந்துச்சே?”

கடைக்காரரின் சட்டை மடிப்பு இப்போதுதான் கொஞ்சம் கலைந்தது. “திரையும் சேர்த்துக் கொண்டுவரேன்னு சொல்லியிருந்தேன். கம்பிதான் கொண்டுவந்தேன். அவகிட்ட மாட்டினா வண்டி போற வரைக்கும் திட்டுவா… அது சரி, நீ ஏன் பக்கத்து பாத்ரூமை விட்டுட்டு அந்தக் கோடிக்குப் போனே?”

மனைவி தூங்குகிற குழந்தையின் தலையைத் தேவையில்லாமல் தடவிக் கொடுத்தாள். நாத்தனாரிடமிருந்து தப்பிக்க அவளுக்குக் கழிப்பறை வரிசைதான் கிடைத்தது.

“ஆக, குடுக்கறதுக்கு யாரும் இல்ல. ஆனா வாங்கறதுக்கு ஆள் வந்தாச்சு” என்றாள் துருவி. “கோச் நம்பரும் பர்த் நம்பரும் சொல்லியிருப்பீங்க. அவங்களே ஏறி வந்து, அடியில கைக்குக் கிடைச்ச நீளமான பையை எடுத்துட்டு இறங்கிட்டாங்க. சோடா, அந்த டிரங்குப் பெட்டியை வெளிய இழு.”

சோடா முக்கி முனகி இழுத்தான். பெட்டிக்குப் பின்னால், சுவரை ஒட்டி, இன்னொரு நீளமான பை. தனியாக வருகிறவருக்குத் தன் மூட்டை எத்தனை என்று தூக்கத்தில்கூடத் தெரியும். குடும்பமாக வருகிறவர்களில் ஒவ்வொருவரும் அதை அடுத்தவர் எண்ணியிருப்பார் என்று விட்டுவிடுகிறார்கள். சோடா ஜிப்பைத் திறந்தான். திரைக் கம்பிகள் பளபளவென்று மின்னின.

“பார்த்தீங்களா அக்கா? கம்பி இங்கயே இருக்கு. கால்தான் கம்பி நீட்டிடுச்சு!”

கடைக்காரர் மனைவி அவசரமாகப் போனைத் தட்டினாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னாள் துருவி.

“என்ன அண்ணி, இப்பத்தானே பேசினோம்?”

“அந்தப் பையைத் திறந்தியாம்மா?”

“எங்க நேரம்? வந்ததும் அலமாரி மேல போட்டுட்டேன். இருங்க, திறக்கறேன்…”

“வேண்டாம்மா, ஒரு நிமிஷம், முதல்ல நான் சொல்றதைக்…”

போனிலிருந்து கிளம்பிய அலறலில் இரண்டு குழந்தைகளும் விழித்துக்கொண்டன. “அண்ணீ! காலு! உள்ள ஒரு காலு இருக்கு அண்ணீ! யாரை என்ன பண்ணீங்க?”

கால் செய்யும் பெண் பாய்ந்து போனைப் பிடுங்கினாள். “அக்கா, கீழ போட்டுடாதீங்க! அது என் தம்பி காலு! மரமும் பிளாஸ்டிக்கும்தான், பயப்படாதீங்க!”

விஷயத்தை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி இரண்டு பாலங்களைத் தாண்டிவிட்டது. கால் கிடைத்துவிட்டது. ஆனால் எங்கே கிடைத்தது? சில மணி நேரப் பயணத்துக்குப் பின்னால், ஒரு வீட்டு அலமாரி மேல்.

“கூரியர்ல போடச் சொல்லலாம்” என்றார் கடைக்காரர்.

“நாளைக்குப் பத்து மணிக்குள்ள வராது” என்றாள் துருவி. “சாயங்காலம் அந்த ஊர் வழியா இன்னொரு வண்டி இருக்கு. காலைல ஒன்பது வாக்குல நம்ம ஊருக்கு வந்துடும். யாராவது அதுல எடுத்துட்டு வரணும்.”

“யாரு இருக்கா? அவ வீட்டுக்காரர் கப்பல்ல வேலை பார்க்கறாரு. அவ தெருக்கோடிக் கடைக்கே துணைக்கு ஆள் தேடுவா. தனியா ரயிலா? சான்ஸே இல்ல.”

அண்ணன் சொன்னது தங்கைக்கும் கேட்டது.

“அந்தப் பையன் நாளைக்கு நடக்கலைன்னா வேலை போயிடுமா?”

“போயிடும்க்கா” என்றாள் கால் செய்யும் பெண்.

“நான்தானே தூக்கிட்டு வந்தேன். நானே கொண்டு வர்றேன். தனியா எப்படிப் போறதுன்னு மட்டும் சொல்லும்மா. நீதான் தனியாப் போறவளாச்சே.”

நேற்றுவரை தனியாகப் போகத் தெரியாதவளாக இருந்த அந்தப் பெண், ஒரு நாள் அனுபவத்தை வைத்துக்கொண்டு பாடம் எடுத்தாள். “பெண்கள் இருக்கிற தடுப்பாப் பார்த்து உட்காருங்கக்கா. போனை முழுசா சார்ஜ் போட்டுக்கங்க. பையை அடியில வைக்காதீங்க, தலைமாட்டுலயே வச்சுக்கங்க. தண்ணி வீட்டுலேருந்தே எடுத்துட்டு வந்துடுங்க. யாராவது எடம் மாறச் சொன்னா…” அவள் எதிரிலிருந்த தம்பதியைப் பார்த்தாள். “முடியாதுன்னு சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. ஆனா முடியாதுன்னு சொல்லுங்க.”

கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே மிகுந்த கவனத்தோடு மரங்களைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் இவர்கள் வண்டி ஊர் சேர்ந்தபோது, தம்பி ஊன்றுகோல்களோடு பிளாட்பாரத்தில் காத்திருந்தான். தபால்காரச் சட்டையைத் துவைத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். விவரத்தைக் கேட்டதும் சிரிக்கத்தான் முயன்றான். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மெக்கானிக்கும்கூட, “எனக்கு வேலை மத்தியானம்தான்” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வண்டி தாமதமாக வந்தது. ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து போகப்போக, கால் செய்யும் பெண்ணின் முகம் வெளிறிக்கொண்டே போயிற்று. கடைசிக்கு முந்தின பெட்டியிலிருந்து குள்ளமான ஓர் அம்மாள் இறங்கினாள். புடவை கசங்கி, கண் சிவந்து, ராத்திரி முழுக்கத் தூங்காதது பார்த்ததுமே தெரிந்தது. நீளமான பையைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தாள்.

“குடும்மா” என்று கடைக்காரர் கையை நீட்டினார்.

“தள்ளு அண்ணா. கால் யாருது?”

தம்பி ஊன்றுகோலை உயர்த்தினான். அவன் கையில் நேராகக் கொண்டுபோய்ப் பையைக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. பெஞ்சில் உட்கார வைத்து, அக்கா அவனுக்குக் காலைப் பொருத்தினாள். பட்டையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இறுக்கிப் பார்த்தாள்.

“வாம்மா, வீட்டுக்குப் போகலாம்” என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள் கடைக்காரர் மனைவி. உண்மையாகவே வெட்கப்பட்டிருந்தாள். “நாலு நாள் இரு. உங்க அண்ணன் கொண்டுபோய் விடுவாரு.”

“நாலு நாள் இருக்கேன் அண்ணி. ஆனா திரும்பறதுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. நானே போய்க்கறேன். கம்பியை மட்டும் மறக்காமக் குடுங்க.”

மருத்துவ அலுவலக வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது காவலாளி கதவைச் சாத்தப் போனார். சோடா அந்தக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் தன் காலை வைத்து, “இதுவும் கால்தான் சார், கொஞ்சம் பார்த்து” என்றான்.

உள்ளே நீண்ட தாழ்வாரம். மூன்று டாக்டர்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்தக் கதவு வரைக்கும் நடங்க” என்றார் பெரிய டாக்டர்.

தம்பி ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்தான். நடந்தான். முதலில் தரையைப் பார்த்து நடந்தான், பிறகு நேராகப் பார்த்து நடந்தான். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, குதிகாலை மட்டும் பார்த்தாள். துருவி தன் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கதவு வந்தது. தம்பி அதைத் திறந்தான். வெளியே போனான். படியில் ஒவ்வொன்றாக இறங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் இல்லை.

டாக்டர்கள் காத்திருந்தார்கள். பெரிய டாக்டர் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெருவில் அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான். முனையில் இருந்த தபாலாபீஸ் பக்கம் திரும்பி மறைந்தான்.

“திரும்பி நடக்கச் சொல்லலாம்னு இருந்தேன்” என்றார் டாக்டர், பேனாவைத் தேடியபடி. “எப்பம்மா திரும்பி வருவான்?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தபால் பை காலியானதும் வந்துடுவான் டாக்டர்.”